வாய்க்காலுக்குத் தென்கரையில் மருத்துவச்சி வராத தெரு

அனுப்புநர்
அகமது கபீர், நெசவாளி,
பாவடித் தெரு, வாய்க்கால் தென்கரை,
தென்காசி தாலுகா.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருநெல்வேலி.

பொருள்: நகராட்சியிலும் பஞ்சாயத்திலும் சேராத எங்கள் தெருவுக்குப் பிரசவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஊர் நகராட்சியானபோது எல்லை வாய்க்காலின் வடகரையோடு நின்றுவிட்டது. தென்கரையிலுள்ள நாங்களும் நகராட்சிக்குப் போய்விட்டதாகச் சொல்லிப் பஞ்சாயத்தாரும் எங்களை நீக்கிவிட்டார்கள். வரி கொண்டுபோனாலும் இரண்டு இடத்திலும் வாங்குவதில்லை. இவ்வளவும் பொறுத்திருந்தோம்.

2. சென்ற ஆனியில், சாரல் விடாது பெய்த ஒரு காலையில் என் மனைவி ஷரீபுன்னிசாவுக்கு வலி கண்டது. தலைப்பிரசவம். உதிரப்போக்கும் அதிகம். பஞ்சாயத்து மருத்துவச்சி வர மறுக்கவே, நகராட்சி மருத்துவச்சியை அழைத்து வந்தேன். அவர் வாய்க்கால் பாலத்தில் நின்றுவிட்டார். “அண்ணாச்சி, பாலத்தத் தாண்டுனா என் வேலை போயிரும். இங்கன தூக்கிட்டு வந்திருங்க” என்று கண்கலங்கினார்.

3. வடகரையில் குடியிருக்கும் மங்களேஸ்வரி அம்மாள் இதைக் கேட்டு, “எங்க வீடு எல்லைக்குள்ளதான இருக்கு, கொண்டாங்க” என்று தம் கட்டிலை ஒழித்துக் கொடுத்தார். நானும் பக்கத்து வீட்டு ஒலி முகம்மதுவும் என் மனைவியைக் கயிற்றுக் கட்டிலோடு மழையில் சுமந்து போனோம். வழி நெடுக அவள் என் கையை விடவில்லை.

4. பெண் குழந்தை பிறந்தது. “புள்ள அழுதுச்சா?” என்று கேட்டாள். அழுதது என்றேன். பிறகு அவள் பேசவில்லை. முன்னமே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று மருத்துவச்சி அம்மாள் தேம்பினார். அவர்மீது எனக்குப் புகார் இல்லை. அவரைத் தண்டிக்க வேண்டாமென்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

5. கைக்குழந்தைக்காரியான மங்களேஸ்வரி அம்மாளே என் மகளுக்கும் பால் கொடுத்து வருகிறார். நான் தறியில் உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

6. ஒலி முகம்மதுவின் மனைவி அலிமாவுக்கு இது நிறைமாதம். நடந்ததைக் கண்ணால் கண்டவள். பயத்தில் சோறு இறங்காமல் இருக்கிறாள். எங்களை எந்த எல்லையில் சேர்த்தாலும் சம்மதமே. அதற்கு நாளாகுமென்றால், மருத்துவச்சி பாலத்தைத் தாண்டி அவள் வீட்டுக்கு வரலாம் என்று மட்டுமாவது உடனே ஓர் உத்தரவு போடுங்கள் ஐயா. என் வீட்டுக்கு இனி யாரும் வரவேண்டிய அவசியம் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்) அகமது கபீர்

இடம்: பாவடித் தெரு
நாள்: 9-8-1966