கேம்ப் மேட்டின் கடைசி வீடு

அக்கா,

மூன்றாம் ஆண்டு வகுப்பறையில் இன்னும் தைல வாசம் போகவில்லை. வெள்ளத்துக்குத் தப்பி வந்து தங்கியிருந்தவர்கள் எல்லாரும் வீடு திரும்பிவிட்டார்கள். தரையைக் கழுவியாயிற்று, சன்னல்களைத் திறந்தே வைத்திருக்கிறோம். இருந்தும் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிப்பது அந்த வாசம்தான். நீங்களும் கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் நெற்றி நிறையத் தேய்த்துக்கொண்டு வருவீர்கள். "இவங்க பேச ஆரம்பிச்சா தலைவலி எப்படியும் வரும் டீச்சர், அதான் முன்கூட்டியே தேச்சுக்கிறேன்" என்பீர்கள். நம் கூட்டங்களும் அந்த லட்சணத்தில்தான் இருந்தன.

நான் இன்று பள்ளிக்குப் போனது மேசை நாற்காலிகளைச் சரிபார்க்க. ஓய்வுபெற்ற ஆசிரியையைச் சும்மா விடக்கூடாது என்று பள்ளி வாரியத்தின் செயலாளர் பொறுப்பை என் தலையில் கட்டினார்களே, அதில் உங்களுக்கும் பங்கு உண்டு. வந்த வேலையை விட்டுவிட்டு அந்த வகுப்பறை வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அது எந்த இடம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீடு இருந்த இடம்.

பழைய பள்ளிக்கூடத்தை இப்போது யாரும் நினைப்பதில்லை. போர்ட் கிள்ளான் போகும் சாலையில், இரண்டு லோரி டிப்போக்களுக்கு நடுவே, அடுத்தவர் நிலத்தில் நின்றிருந்தது. கொள்கலன் லோரி ஒன்று திரும்பினால் வாய்ப்பாடு பாதியில் நிற்கும். பிள்ளைகள் பெருகப் பெருகக் கேபின்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். மதியத்தில் அந்த இரும்புப் பெட்டிக்குள் பாடம் நடத்தினால் நானும் பிள்ளைகளும் சேர்ந்து வெந்துபோவோம். நீங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவியாக வந்த வருடம், கல்வி அலுவலக அதிகாரி ஒருவரை அந்தக் கேபினில் உட்காரவைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, மெதுவாக வரவேற்புரை வாசித்தீர்கள். அவர் சட்டை முழுக்க நனைந்துபோனது. அது தற்செயலாக நடந்தது என்று கடைசிவரை சாதித்தீர்கள். நான் நம்பியதே இல்லை.

அப்புறம்தான் ஊரில் இருந்த இராணுவ கேம்ப்பை மூடுகிறார்கள் என்ற செய்தி வந்தது. படைப்பிரிவை வடக்கே மாற்றிவிட்டு அந்த நிலத்தைப் பள்ளிகளுக்கும் ஒரு பொலிடெக்னிக் கல்லூரிக்கும் பிரித்துக் கொடுக்கப் போவதாகப் பேச்சு. கொண்டோமினியம் கட்ட ஆசைப்பட்டவர்களும் வரிசையில் நின்றார்கள். தமிழ்ப்பள்ளிக்கும் ஒரு பங்கு கிடைக்கும், எந்தப் பக்கம் வேண்டும் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள் என்றார்கள். கேட்டுக் கேட்டு அலுத்தவர்களுக்கு இப்படி ஒரு சொகுசு வந்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை.

நமக்கு வாய்த்தவை இரண்டே பக்கம். ஒன்று சாலையை ஒட்டிய தாழ்வான பாடாங். சிப்பாய்கள் பந்து விளையாடிய அந்தத் திடலில் நல்ல மழைக்குக் கணுக்கால் வரை தண்ணீர் நிற்கும் என்று கிள்ளானில் எல்லாருக்கும் தெரியும். மற்றது மேடு. அங்கே குடும்பக் குவார்ட்டர்ஸ் வரிசை. இராணுவ லோரி ஓட்டிய உங்கள் வீட்டுக்காரர் இறந்த பிறகும், அவரோடு வேலை செய்த அதிகாரி ஒருவரின் தயவில், அங்கேயே இருந்துகொள்ள உங்களுக்கு அனுமதி கிடைத்திருந்தது. கேம்ப் மூடிய பின் மற்ற குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. வரிசையில் விளக்கு எரிந்த வீடு உங்களுடையது மட்டும்தான்.

வாரியம் கூடியது உங்கள் முதுகுக்குப் பின்னால். வாரியத் தலைவர் தம் கடை மாடியில் எல்லாருக்கும் தே தாரிக் டீ வாங்கி வைத்திருந்தார். இந்த வருடமாவது டத்தோ பட்டம் வரும் என்று ஒவ்வொரு வருடமும் கோட்டுத் தைக்கக் கொடுப்பவர். ஆனால் நல்ல மனுஷன், அதில் சந்தேகமில்லை. அன்று தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாடாங் பக்கமே கேப்போம்" என்றார்.

"தண்ணி நிக்குமே" என்றேன்.

"மண்ணக் கொட்டி ஒசத்திக்கலாம் லா. மேடு வேணாம். அந்தம்மா எங்க போவாங்க?"

"அவங்ககிட்டயே கேக்கலாமே."

"கேட்டா உடனே 'எடுத்துக்குங்க'ன்னு சொல்லிடுவாங்க டீச்சர். அவங்க அப்படித்தான். அப்புறம் அந்தப் பாவம் யாரு தலையில? அதனால கேக்கக் கூடாது."

எல்லாரும் தலையாட்டினார்கள். மரியாதை என்று பெயர் வைத்து நாம் எத்தனை காரியத்தை இப்படிச் செய்கிறோம். உங்கள்மேல் அவர்களுக்கு இருந்த அன்பில் பொய் இல்லை. அந்த அன்பு உங்கள் ஒருவரை மேட்டில் வைத்துவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தையே பள்ளத்தில் இறக்கப் பார்த்தது. பஸ் திரும்ப வசதியாக இருக்கும் என்று உங்களிடம் ஒரு காரணம் சொல்வதாக ஏற்பாடு.

மறுநாள் காலை நான் மேட்டுக்கு வந்தேன். நீங்கள் கொல்லையில் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தீர்கள். கூட்டத்தில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். உங்கள் கை கீரையைவிட்டு நகரவில்லை. முகம் மட்டும் சிவந்தது.

"என்னைக் கேக்காமலே எனக்கு தர்மம் பண்ணிட்டாங்களா?" என்றீர்கள். "ஏன் டீச்சர், நான் என்ன செத்தா போயிட்டேன்? வாய் இல்லையா எனக்கு?"

"பரிதாபப்பட்டுத்தான்..."

"அந்தப் பரிதாபத்தக் கொண்டுபோய் உங்க தலைவர் கடையில விக்கச் சொல்லுங்க. வாங்க ஆளிருக்கும்."

நீங்கள் உடனே நேராகப் போய்ச் சண்டை போடுவீர்கள், மேட்டை விட்டுக்கொடுத்துவிடுவீர்கள் என்று நானும் நினைத்தேன். தலைவரின் கணக்குத்தான் என் கணக்கும். ஆனால் நீங்கள் கீரைச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, படியில் உட்கார்ந்து, "எனக்கும் இங்கேருந்து போக இஷ்டம் இல்ல டீச்சர்" என்றீர்கள். அதை என்னிடம் மறைக்காமல் சொன்னதற்காகவே உங்களை அதற்குப் பிறகு இன்னும் அதிகமாகப் பிடித்துப்போனது. கல்யாணமாகி வந்து இறங்கிய வீடு, பிள்ளை தவழ்ந்த தரை, அவர் கடைசியாகப் படுத்த கட்டில் என்று எதையும் நீங்கள் அடுக்கவில்லை. "ராத்திரி நல்லா காத்து வரும் இங்க" என்று மட்டும் சொன்னீர்கள். நான் எழுந்து வந்தேன்.

நம் கடிதம் பாடாங்கைக் கேட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டது. மாற்ற வேண்டுமானால் மாத முடிவுக்குள் மாற்ற வேண்டும். அந்த வாரங்களில் நீங்கள் கூட்டத்துக்கு வந்தீர்கள், பஸ் திரும்பும் கதையைத் தலைவர் வாயாலேயே கேட்டீர்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு நிம்மதி. எனக்குத்தான் அந்த நாற்காலி குத்தியது. மாத முடிவு நெருங்கிய ஒருநாள் போன் செய்தீர்கள். "நாளைக்கு ட்ரெயின்ல போலாம். நல்ல சேலையா கட்டிட்டு வாங்க, உங்களப் பார்த்தாத்தான் மதிப்பாங்க."

கோலாலம்பூர் அலுவலகத்தில் என் சேலையை யாரும் கவனிக்கவில்லை. வாழ்நாள் முழுக்க கேம்ப்பில் பேசிப் பழகிய உங்கள் மலாய்தான் வேலை செய்தது. இளம் அதிகாரி ஒருவர், உங்கள் மகன் வயதிருக்கும், வரைபடத்தை விரித்தார். எங்கள் கடிதத்தில் தவறு நடந்துவிட்டது, எங்களுக்கு வேண்டியது மேடு என்றீர்கள். அவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "அங்கே ஆள் குடியிருக்கிறார்களே, மாக்சிக்" என்றார், பெரியம்மா என்கிற மரியாதையில்.

"ஒரே ஒரு ஆள்தான் துவான்" என்றீர்கள் மலாயில். "அது நான்தான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நீங்கள் அதைக் குடித்துவிட்டு, வாரியத் தலைவரின் கையெழுத்தும் அடுத்த வாரம் வந்துவிடும் என்று வாக்குக் கொடுத்தீர்கள். அந்தக் கையெழுத்தை எப்படி வாங்கினீர்கள் என்பது தனிக் கதை. அன்று தலைவர் அழுதார் என்று மட்டும் கேள்வி.

வெளியே வந்து பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டோம். நீங்கள் அழுவீர்கள் என்று நான் கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்தேன். நீங்களோ ரசத்தில் புளி பத்தவில்லை என்று பரிமாறிய தம்பியிடம் புகார் செய்தீர்கள், இரண்டாம் முறை சோறு வாங்கினீர்கள். கை கழுவப் போகும்போதுதான் குரல் இறங்கியது. "என் மகன்கிட்ட நீங்கதான் பேசணும் டீச்சர். அவன் உங்ககிட்ட படிச்ச பையன், உங்களுக்குக் கொஞ்சம் அடங்குவான். எனக்குப் பயமா இருக்கு."

"என்ன பேசணும்? உங்கள வச்சுக்க முடியுமான்னு கேக்கணுமா?"

"கேக்க வேணாம். வந்துடுவேன்னு சொன்னா போதும்."

போய்ச் சொன்னேன். அவன் அடங்கவில்லை. கிள்ளானில் ஆற்றோரத் தாமான் குடியிருப்பில் இரண்டு அறை வீடு, இரண்டு பிள்ளைகள், துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை. "உங்களுக்கெல்லாம் ஸ்கூல் வேணும். எங்கம்மாவுக்கு மட்டும் வீடு வேணாமா டீச்சர்?" என்று வாசலில் நின்றபடியே கேட்டான். தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் உங்கள் சாமான்கள் ஒரு லோரியில் ஏறின. மகன் வீட்டில், சமையலறைக்குப் பின்னால் தடுத்த அறையில் நீங்கள் இருந்த காலத்தைப் பற்றி நான் அதிகம் எழுத முடியாது. நான் பார்க்க வந்தால் காற்றில்லை என்பீர்கள், உடனே பேரப்பிள்ளைகளின் குறும்பைச் சொல்லிச் சிரிப்பீர்கள். பள்ளிக்கு அடித்தளக் கம்பங்கள் இறக்கியபோது ஒருமுறை உங்களைக் காரில் கூட்டி வந்தேன். நீங்கள் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, "நல்ல சத்தமா இறக்குறாங்க, கட்டடம் நிக்கும்" என்றீர்கள். அப்புறம் சிறுநீரகம், வாரந்தோறும் டயாலிசிஸ், ஒருநாள் முடிந்துபோனது. முதல் மணி அடித்ததை நீங்கள் கேட்கவில்லை. சாவு வீட்டில் உங்கள் மகன் எல்லாரையும் வணங்கினான், என்னைத் தவிர. கோபம் வந்தது. அவனுக்கு அந்த உரிமை உண்டு என்றும் தோன்றியது.

இந்தப் பள்ளி விடுமுறையில் மழை விடாமல் பெய்தது. ஆறு கரை தாண்டியது. கேம்ப் பாடாங் முழுக்கத் தண்ணீர். நல்ல வேளையாக அங்கே கட்டடம் எதுவும் இல்லை, பொலிடெக்னிக்காரர்கள் அதைத் திடலாகவே விட்டுவிட்டார்கள். மேட்டிலிருக்கும் பள்ளிகளை நிவாரண மையமாக்கியபோது நம் பள்ளியும் திறந்தது. காலையிலிருந்து லோரிகளில் குடும்பங்கள் வந்து இறங்கின. மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்று எல்லாரும் ஈரத்தில் ஒரே நிறமாகத்தான் இருந்தார்கள். மதியம் இறங்கியவர்களில் உங்கள் மகனும் மருமகளும் பிள்ளைகளும் இருந்தார்கள். காலியாக இருந்தது மூன்றாம் ஆண்டு வகுப்பறைதான். நான் ஒன்றும் யோசித்துச் செய்யவில்லை அக்கா, வேறு இடம் இல்லை.

அவன் என்னிடம் பேசவில்லை. பாய்களை வாங்கிக்கொண்டு போனான். மறுநாள் காலை மழை விட்டிருந்தது. தாழ்வாரத்தில் சோற்றுப் பொட்டலங்களை எண்ணிக்கொண்டிருந்த என்னருகில் வந்து நின்றான்.

"எங்க வீடு எங்க இருந்துச்சு டீச்சர்? சொவரெல்லாம் மாறிப்போச்சு, புரியல."

"நீங்க படுத்திருக்கிற ரூம்தான்" என்றேன்.

அவன் கதவு வழியாக உள்ளே பார்த்தான். உங்கள் பேத்தி கரும்பலகைக்குக் கீழே வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நீங்க வந்து சொன்னீங்க இல்ல, அம்மா வரப் போறாங்கன்னு. எனக்கு அவங்க வந்தது கஷ்டம் இல்ல டீச்சர். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையேன்னுதான். கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன். அது அவங்களுக்கு நல்லாத் தெரியும். அதனாலதான் கேக்கல."

சொல்லிவிட்டு என் கையிலிருந்த பொட்டலங்களில் பாதியை வாங்கிக்கொண்டு அடுத்த வகுப்புக்குக் கொடுக்கப் போனான். நான் அங்கேயே நின்றேன். கடை மாடியில் தலைவர் சொன்ன அதே நியாயம். உங்களைக் கேட்காததற்குக் கீரைச் சட்டிக்கு முன்னால் அப்படிக் கொதித்த நீங்கள், உங்கள் பிள்ளையிடம் அதையே செய்தீர்கள். அதற்கு என்னையும் தூது அனுப்பினீர்கள். உங்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது அக்கா. இத்தனை நாளில் முதல் தடவை.

இப்போது வாரியக் கூட்டத்தில் நான் ஒரு தொந்தரவு. யாருக்காவது நல்லது செய்யலாம் என்று யார் பேச்செடுத்தாலும், "அவங்களக் கேட்டாச்சா?" என்கிறேன். தலைவர் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். அந்த ஒரு கேள்வியை உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அதை உங்கள் மகனிடம் கேட்கத்தான் உங்களுக்கு வாய் வரவில்லை.

அவன் சரி என்றுதான் சொல்லியிருப்பான். கேட்டிருக்கலாம், அக்கா.