பெயர்கள் ஓடும்போது எழுந்துவிட்டேன்

மார்ச் 3, திங்கள்

சேத்துட்டாங்க சேத்துட்டாங்க சேத்துட்டாங்க — இனிமேல் நான் ஒரு கேமுக்குப் போடுற மார்க் உலகச் சராசரியில் சேரும்!!!

கடிதத்தை ஒன்பது தடவை படித்துவிட்டேன். உலகத்தில் இருக்கிற விமர்சகர்களின் மார்க்கையெல்லாம் கூட்டி வகுத்து ஒரே எண்ணாகப் போடும் அந்தத் தளம், எங்கள் விமர்சனத் தளம் 'முடிச்சுட்டுப் பேசு'வைப் பட்டியலில் ஏற்றுக்கொண்டது. பாண்டுங் ஊரின் ஒரு மாடியறை, பழைய கணினி ஒன்று, நானும் நண்பன் வில்டனும். மூன்று வருடம். யாரும் சொல்லித்தரவில்லை. எங்கள் தளத்தின் நெற்றியிலேயே எழுதி வைத்திருக்கிறோம்: கடைசிவரை ஆடாமல் மார்க் போடமாட்டோம்.

அந்தச் சராசரித் தளத்தின் விதிகளில் ஒன்று ரொம்பப் பிடித்தது. முதலில் போட்ட மார்க்தான் கடைசி மார்க். யார் வந்து அழுதாலும் மாற்ற மாட்டார்கள். சரியான விதி! பரிசுப்பெட்டி வாங்கிக்கொண்டு மார்க்கை ஏற்றுகிற ஆட்களுக்கு நல்ல ஆப்பு.

இன்று மூன்றாம் நோன்பு. பசியே தெரியவில்லை.

மார்ச் 4

முதல் கேமே எங்கள் ஊர் கேம். 'மலைவண்டி'. செய்தவர்கள் டாகோ மேட்டில் வாடகை வீட்டில் இருக்கும் 'ஆறு நாற்காலி' ஆட்கள். மொத்தமே ஆறு பேர், அதனால்தான் அந்தப் பெயர். தலைவி யூயுன் அக்கா.

எனக்கு அவரைத் தெரியும். இரண்டு வருடம் முன்பு கேம் சந்தையில் அவர்கள் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு மதியம் முழுக்க அங்கேயே உட்கார்ந்து, அரைகுறையாக இருந்த மலைவண்டியை ஆடி, எங்கெங்கே உடைகிறது என்று ஒரு தாள் நிறைய எழுதிக் கொடுத்தேன். அக்கா சீலோக் மாவுருண்டை வாங்கித் தந்து, "உன் பேரு என்னம்மா, சரியா எழுதிக்குடு" என்றார்.

நேற்று நேரலையில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "வெளியிடுற கம்பெனி எண்பது சராசரி கேட்டிருக்கு. இருபத்தெட்டாம் தேதி பாப்பாங்களாம். வந்தா ரெண்டாம் பாகம். வரலேன்னா ஆறு நாற்காலியையும் வித்துட்டு ஆளுக்கொரு வேலைக்குப் போவோம்."

அக்காவிடமிருந்து நீளமான கடிதம் வந்திருக்கிறது. கேமைத் திறக்கும் ரகசிய எண்ணையும் நேரத்தையும் மட்டும் பார்த்தேன்: வியாழன் இரவு ஏழு மணிக்கு முன்பு யாரும் விமர்சனம் போடக் கூடாது. போதும்.

மார்ச் 5

வில்டன் வந்தவுடனே ஆரம்பித்துவிட்டான்.

"இங்க பாரு கானியா. பட்டியல்ல ஏறி முதல் மார்க். நம்ம ஊர் கேமுன்னு தூக்கிவிட்டா, சொந்தக்காரங்களுக்குப் பந்தியில முதல் எலைன்னு சிரிப்பானுங்க."

"நான் எதுக்குத் தூக்கிவிடப் போறேன்?"

"நீ அந்த அக்காவோட ரசிகை. மூஞ்சியிலயே எழுதியிருக்கு."

"அப்ப என்ன, வேணும்னே கொறைக்கணுமா?"

"கொறைக்கச் சொல்லல. பல்லு இருக்குன்னு காட்டு."

எரிச்சல். ஆனால் அவன் சொல்வதிலும் ஏதோ இருக்கிறது, இல்லையா?

மார்ச் 6, வியாழன்

ஏழு மணி, பூஜ்ஜியம் நொடி. உலகத்திலேயே முதல் விமர்சனம் எங்களுடையது!

மதியம் இரண்டுக்குத்தான் ஆடவே உட்கார்ந்தேன். மலை ஏறும் ரயிலில் நாம் டிக்கெட் பரிசோதகர். டிக்கெட் பார்க்கிறோம், இல்லாதவர்களை வழியில் இறக்கிவிடுகிறோம், அவ்வளவுதான். அழகாக இருக்கிறது. ஆனால் யார் எதற்குப் போகிறார்கள், ஒன்றும் சொல்லவில்லை. உச்சி நிலையத்தில் எல்லோரும் இறங்குகிறார்கள். பெட்டி காலி. செய்தவர்களின் பெயர்கள் திரையில் ஓட ஆரம்பித்தன. நாலே மணி நேரம்! இதுக்கா நாலு வருஷம் எடுத்துக்கிட்டாங்க?

அப்போது பள்ளிவாசலில் பாங்கு. கீழேயிருந்து அம்மா: "கானியா! நோன்பு தொறக்க வாடி, கோலாக் ஆறுது!" கேமை அணைத்துவிட்டு ஓடினேன். தேங்காய்ப்பாலில் வாழைப்பழம், நாலு வாய். திரும்பி வந்து நாற்பத்தைந்து நிமிடத்தில் எழுதி முடித்தேன்.

48. நூற்றுக்கு.

கடைசி வரி தானாக வந்தது: "ஆறு நாற்காலி போட்டும் ஒருவர்கூட உட்கார்ந்து யோசிக்கவில்லை போலிருக்கிறது." வில்டன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "இதான்டி பல்லு!"

மார்ச் 7

அந்த வரி எல்லா இடத்திலும் ஓடுகிறது. நாற்காலிப் படம் போட்டு நக்கல் படங்கள். என்னைத் தொடர்பவர்கள் ஒரே நாளில் நான்கு மடங்கு. 'தைரியசாலிப் பொண்ணு' என்கிறார்கள். இவர்களில் யாராவது ஆடிப் பார்த்தார்களா?

மற்ற ஆறு விமர்சனங்களும் வந்துவிட்டன. 84, 80, 82, 78, 86, 79.

நான் மட்டும் 48.

ஒருவர் எழுதியிருக்கிறார்: "இறங்கும் பாதியில் நான் இரண்டு முறை அழுதேன்."

எந்த இறங்கும் பாதி?

மார்ச் 8, சனி

அக்காவின் கடிதத்தை இன்றுதான் முழுதாகப் படித்தேன். கடைசி வரி: "ஒரே ஒரு வேண்டுகோள். பெயர்கள் ஓடும்போது தயவுசெய்து எழுந்துவிடாதீர்கள்."

உச்சி நிலையம் வரை மறுபடி ஆடினேன். பெயர்கள் ஓடின. இந்த முறை உட்கார்ந்திருந்தேன். ஆறு பேரின் பெயர்கள். சத்தம் பதிவு செய்தவர். பழைய பெட்டிகளை அளந்து வரைந்தவர். பிறகு 'எங்கள் நன்றி' என்று ஒரு பட்டியல். அதில் நாலாவது பெயர்

என் பெயர்.

சரியான எழுத்துகளில், என் முழுப்பெயர்.

திரை இருண்டது. ஒரு நிமிடம் ஒன்றுமே இல்லை. பிறகு ஊதல் சத்தம். வண்டி கீழ்நோக்கி நகர்ந்தது. இப்போது நான் பரிசோதகர் இல்லை, டிக்கெட் இல்லாத பயணி. ஏறும்போது யார் யாரை நான் இறக்கிவிட்டேனோ அவர்களெல்லாம் வழியில் நிற்கிறார்கள், ஒவ்வொருவராக ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஐந்து மணி நேரம். நான் புரியவில்லை என்று திட்டிய ஒவ்வொன்றுக்கும் அங்கே பதில் இருந்தது.

பாதி கேமுக்கு மார்க் போட்டிருக்கேன். முடிச்சுட்டுப் பேசுவாம். த்தூ.

மார்ச் 9

வில்டனிடம் சொன்னேன். எழுந்து அறைக்கதவைச் சாத்தினான். பிறகு கேட்டான்: "யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப தெரிய வேணாம்."

"சராசரி எழுபத்தேழுல நிக்குது வில்டன். நான் இல்லேன்னா எண்பத்திரண்டு. நான் எழுபது போட்டிருந்தாக்கூட எண்பது வந்திருக்கும்."

"நீ என்ன பொய்யா எழுதுன? பாத்தத எழுதுன. கேமு முடிஞ்சுட்ட மாதிரி காட்டுனது அவங்க தப்பு."

சராசரித் தளத்துக்கு எழுதினேன்: கேமை முழுதாக ஆடவில்லை, மார்க்கை மாற்ற வேண்டும்.

மார்ச் 12

பதில் இரண்டே வரி. முதலில் வெளியான மார்க்கே நிலைக்கும். எல்லோருக்கும் ஒரே விதி.

எனக்கு ரொம்பப் பிடித்த விதி.

மார்ச் 14

நன்றிப் பட்டியலில் என் பெயர் இருப்பதை இன்றுதான் வில்டனிடம் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அடிப்பாவி! கேமுக்குள்ள பேரு இருக்கறவங்க அதுக்கு மார்க்கே போடக் கூடாது. பட்டியல் விதியில முதல் பக்கத்துலயே இருக்கு."

ஆமாம். இருக்கிறது. அன்றைக்கு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் என் பெயரைப் பார்த்திருப்பேன். மார்க்கே போட்டிருக்க மாட்டேன். நாலு வாய் கோலாக்.

ஆனால் இதை இப்போது சொன்னால் அந்த மார்க்கை நீக்கிவிடுவார்கள். கூடவே எங்களையும்.

"மூணு வருஷம், கானியா," என்றான் வில்டன். "நான் காலேஜ விட்டுட்டு வந்தேன் இதுக்காக. வாயத் தொறக்காத."

மார்ச் 15

திறக்கவில்லை.

மார்ச் 18

திறக்கவில்லை. புதுக் கேம் ஒன்றுக்கு 91 போட்டேன். பெயர்கள் ஓடி முடிந்து, திரை அணைந்து, பத்து நிமிடம் கழித்தும் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

மார்ச் 22, சனி

நோன்பு திறக்கப் பொரித்த தோஃபு வாங்கப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் யூயுன் அக்கா. நழுவப் பார்த்தேன். அதற்குள் திரும்பிவிட்டார்.

"அட, கானியா! எளச்சுப் போயிட்டியே. நோன்பா, இல்ல கேமா?"

"ரெண்டும்தான்க்கா."

கடைக்காரர் அக்காவைப் பார்த்து, "வழக்கம்போல ஆறு பேருக்கா?" என்றார். "இன்னிக்கு நாலு போதும்ண்ணே. ரெண்டு பேரு வேற எடத்துல நேர்காணலுக்குப் போயிருக்காங்க."

பொட்டலம் வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றார். நானும் நின்றேன்.

"கோவமெல்லாம் இல்லம்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கவா? எங்க எழுந்த?"

"என்னக்கா?"

"உச்சியில வண்டி நின்னதும் எழுந்துட்டியா? அப்படின்னா தப்பு எங்களோடது. எழுந்திரிக்க விடாத மாதிரி நாங்க செஞ்சிருக்கணும். நாங்க ஆறு பேரும் ரெண்டு வாரமா இதையேதான் பேசிட்டிருக்கோம்."

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில், அந்த எண்ணெய்ப் புகையில், ஒரே வார்த்தை.

"இல்லக்கா. முழுசா ஆடிட்டுத்தான் எழுதினேன்."

அவர் முகத்தைப் பார்த்தேன். நம்பினார். அதுதான் தாங்கவில்லை. நம்பினார்.

"அப்ப சரிம்மா. உனக்குப் பிடிக்கல, அவ்வளவுதான். அது நியாயம்." என் கையில் ஒரு தோஃபுவை வைத்தார். "சூடா சாப்பிடு. பாங்கு சொல்லப் போறாங்க."

பாங்கு சொன்னார்கள். தோஃபு என் கையிலேயே ஆறிப்போனது.

மார்ச் 24, திங்கள்

எழுதிவிட்டேன். "மலைவண்டி கேமின் நன்றிப் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. என் மார்க் செல்லாது. நீக்குங்கள்." பெயர் தெரியும் படத்தையும் சேர்த்து அனுப்பினேன்.

வில்டன் தன் ஒலிவாங்கியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். வாசலில் நின்று, "ஒனக்கு நல்ல பேரு கெடைக்கும். எனக்கு?" என்றான்.



மார்ச் 25

தளத்தின் பதில்: விசாரித்துப் பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு சொல்வோம்.

இருபத்தெட்டுக்கு இன்னும் மூன்று நாள்தான். அவசரம் என்று மூன்று தடவை எழுதினேன். மூன்றுக்கும் இயந்திரம் நன்றி சொன்னது.

மார்ச் 28

77.

மார்ச் 31, பெருநாள்

ஊரே ஊருக்கு மன்னிப்புச் செய்தி அனுப்பும் நாள். பூவும் பிறையும் போட்ட படம்: "தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்தருள்க." காலையிலிருந்து எழுபது பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். நானும் எழுபது பேருக்கு அனுப்பினேன். யார் என்ன பிழை செய்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

யூயுன் அக்காவுக்கு மட்டும் தனியாகத் தட்டினேன். "அக்கா, அன்னிக்குப் பொய் சொன்னேன். பெயர்கள் ஓடும்போது எழுந்துட்டேன்." அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழித்தேன். பூவும் பிறையும் போட்ட படத்தை அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. அதே பூ. அதே பிறை.

ஏப்ரல் 5

அக்காவை அழைத்தேன். அந்த எண் இப்போது புழக்கத்தில் இல்லையாம்.

ஏப்ரல் 11, வெள்ளி

காலையில் முடிவு வந்தது. என் மார்க் நீக்கப்பட்டது. 'முடிச்சுட்டுப் பேசு'வும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. மலைவண்டி இப்போது 82. பச்சைக் கட்டத்துக்குள் அழகாக மின்னுகிறது. அதைப் பார்க்க வேண்டிய கம்பெனிக்காரர்கள் 77-ஐப் பார்த்துவிட்டுப் போய் இரண்டு வாரம் ஆகிறது.

மதியம் வில்டன் வந்தான், கோபமெல்லாம் கொஞ்சம் ஆறியிருந்தது. கையில் ஒரு சுழல் நாற்காலி.

"டாகோ மேட்டு வீட்டக் காலி பண்றாங்க. ஆறையும் விக்கிறாங்கன்னு போட்டிருந்தாங்க. ஒண்ணு ஒனக்கு. எத்தன நாளைக்குத்தான் பிளாஸ்டிக் முக்காலியில உக்காருவ?"

"அக்காவப் பாத்தியா?"

"இல்ல. வீட்டு ஓனர்தான் இருந்தாரு. அவங்க ஊருக்குப் போயிட்டாங்களாம்."

நாற்காலியின் முதுகில் வெள்ளை டேப். அதில் பேனாவால்: யூயுன்.

நான் அதில் உட்காரவில்லை. முக்காலியில் உட்கார்ந்து புதிதாக எழுத ஆரம்பித்தேன். வில்டன் தோளுக்குப் பின்னால் நின்று படித்தான். நாற்காலி வரி வந்த இடத்தில் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"மார்க் எவ்வளவு போடப் போற?"

"மார்க் கெடையாது."

"சரி, போடு."

போட்டுவிட்டேன். மறக்காமலிருக்க இங்கேயும் ஒட்டிவைக்கிறேன்:

"மார்ச் ஆறாம் தேதி மலைவண்டிக்கு 48 போட்டவள் நான்தான். அந்த கேமில் பாதியைத்தான் ஆடியிருந்தேன். முழுதாக ஆடினேன் என்று அதைச் செய்தவரிடமே பொய்யும் சொன்னேன். ஆறு நாற்காலி போட்டும் உட்காரவில்லை என்று எழுதினேனே, உட்காராதது நான். அந்த வரியை எங்கெல்லாம் பகிர்ந்தீர்களோ, அங்கெல்லாம் இதையும் பகிருங்கள். கேமை ஆடுங்கள். உச்சியில் வண்டி நின்றதும் பெயர்கள் ஓடும். எழாதீர்கள். ஆறு பெயரையும் வாய்விட்டுப் படியுங்கள். வண்டி நகர்ந்த பிறகு யார் முதலில் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள் என்று கீழே எழுதுங்கள். அந்த ஆறு பேரும் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்களில் ஒருவர் கண்ணிலாவது படும்வரை இதைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்பிக்கொண்டே இருங்கள்."