'ரோடு காலி' என்று கத்தியவன்

ஏப்ரல் 7, ஞாயிறு

இன்று சைக்கிள் சங்கத்தில் இருபத்திரண்டு பேர். மூன்று மூன்றாகச் சாலையை அடைத்துக்கொண்டு போனோம். பின்னால் ஒன்பது கார்கள். ஒதுங்கியிருக்கலாம். கும்பலில் யாருக்கு ஒதுங்கத் தோன்றுகிறது?

சர்ச் முனையில் பெரிய சாலையில் ஏறும்போது, முன்னால் போகிறவன் பார்த்து "ரோடு காலி" என்று கத்துவான். நடுவில் இருப்பவன் அதையே பின்னாலிருப்பவர்களுக்குக் கத்துவான். இன்று நடுவில் நான். கத்தினேன். கடைசி நான்கு பேர் தலையைத் திருப்பாமல் பாய்ந்தார்கள். வந்துகொண்டிருந்த ஒரு சின்னச் சிவப்புக் கார் அவர்களுக்காக ஒடித்துத் திரும்பி, கல்சுவரில் மோதியது. எங்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ஓட்டிய பெண் இறங்கி வந்து கண்டபடி திட்டினார். எங்கள் தலைவன் கிளைவ் சிரித்தான். "முதல்ல வண்டி ஓட்டக் கத்துக்கோங்கம்மா."

பிறகு எல்லோரும் காபிக் கடையில் உட்கார்ந்து வால்நட் கேக் சாப்பிட்டோம். நானும்தான். தூ.

ஏப்ரல் 9

என் சைக்கிள் கைப்பிடியில் மாட்டியிருக்கும் கேமராவில் பதிவானதை கிளைவ் கேட்டு வாங்கினான். வெட்டிவிட்டு, அந்தப் பெண் திட்டுவதை மட்டும் இணையத்தில் போட்டிருக்கிறான். ஆயிரக்கணக்கில் சிரிக்கிறார்கள்.

ஏப்ரல் 11

சங்கச் சட்டையோடு வேலைக்குத் தனியாகச் சைக்கிளில் போனேன். வேன்காரன் ஒருவன் உரசிக்கொண்டு வந்து, காபிக் கோப்பையை என்மேல் வீசினான். "நீயும் அந்தக் கும்பல்தானே!" ஆமாம். அதே கும்பல்தான்.

ஏப்ரல் 14, ஞாயிறு

அந்தப் பெண்ணின் பெயர் பெவர்லி. வீடு வீடாகக் காரில் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களுக்கு ஊசி போடும் நர்ஸ். கவனக்குறைவாக ஓட்டினார் என்று அவர்மேல் வழக்காம். லைசன்ஸ் போனால் வேலையும் போகும்.

கிளைவிடம் முழுப் பதிவையும் போலீஸில் கொடுக்கலாம் என்றேன்.

"ஹோவர்ட், உனக்கென்ன பைத்தியமா? அவளுக்காக நம்ம ஆளுங்களையே காட்டிக்கொடுப்பியா?"

ஒருவன் டயரில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். இவர்களோடு பதினோரு வருஷம் சுற்றியிருக்கிறேனே, சீ.

ஏப்ரல் 15

கொடுத்துவிட்டேன். பதிவில் 'ரோடு காலி' என்று கத்தும் குரல் யாருடையது என்று போலீஸ் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கிளைவைப் பார்த்து எனக்கு என்ன அருவருப்பு வேண்டிக்கிடக்கிறது?

ஏப்ரல் 16

சங்கத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். ஒரு வரிச் செய்தி.

மே 28, செவ்வாய்

பெவர்லிமேல் வழக்கு இல்லை என்று ஆகிவிட்டது. வீடு தேடிப் போனேன். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"வீடியோ குடுத்தது நீங்கதானாமே. இருபத்திரண்டு பேர்ல ஒருத்தராவது மனுஷனா இருந்தீங்களே."

அப்படியே திரும்பி வந்திருக்கலாம்.

"அதுல 'ரோடு காலி'ன்னு கத்தினது நான்தாங்க," என்றேன்.

"பார்த்துட்டுத்தானே கத்தினீங்க?"

"இல்ல. முன்னாடி கத்தினாங்க. நானும் கத்தினேன்."

"உள்ள வந்து ஒரு டீ குடிங்கன்னு சொல்ல இருந்தேன்," என்றார்.

கதவைச் சாத்திக்கொண்டார்.