பேத்தியின் வயதில் பதினோரு வாரம் குறைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
பதிவு எண் 212 குழந்தையின் தாத்தா,
ஓய்வுபெற்ற கொத்தனார்.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
குறைமாதக் குழந்தைகள் வளர்ச்சிப் பயிற்சி மையம்,
அரசு மருத்துவமனை.

பொருள்: நான் தவறாக எழுதிய வயதைத் திருத்தி, பேத்தியின் பயிற்சியைத் தொடரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம்.

1. என் பேத்தி பதினோரு வாரம் முன்னதாகப் பிறந்தவள். அன்று எடை ஒரு கிலோ நூறு கிராம். நான் தூக்கிய செங்கல்லே அதைவிடக் கனம். மகனும் மருமகளும் வேலைக்குப் போவதால், செவ்வாய்தோறும் அவளை மையத்துக்குக் கொண்டுவருபவன் நான். பயிற்சியாளர் அம்மா சொன்னபடி வீட்டிலும் தினமும் மூன்று வேளை அவளைக் குப்புறப் படுக்கவைத்துக் கிலுகிலுப்பை ஆட்டுகிறேன். ஆட்டி ஆட்டி என் தோள்வலி போய்விட்டது.

2. முதியோர் வகுப்பில் எட்டு மாதமாக எழுதப் படிக்கக் கற்கிறேன். சென்ற செவ்வாய் மையத்தில் தந்த படிவத்தை நானே நிரப்பினேன். நான் நிரப்பிய முதல் படிவம் அது. வயதுக் கட்டத்தில் ‘ஒரு வருடம்’ என்று எழுதிவிட்டேன். ஞாயிறன்றுதான் பலூன் கட்டிப் பிறந்தநாள் கொண்டாடியிருந்தோம். “பிறந்த நாள்ல இருந்து எண்ணாதீங்க, பிறந்திருக்க வேண்டிய நாள்ல இருந்து எண்ணுங்க” என்று பயிற்சியாளர் அம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். பேனாவைப் பிடித்த சந்தோஷத்தில் மறந்துபோனேன். “தாத்தா, நீங்கதானே ஒரு வயசுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க? ஒரு வயசோட பயிற்சி முடிஞ்சுது, இனிமே வர வேணாம்” என்றார் எழுத்தர் தம்பி. அவர்மேல் குறையில்லை. புகார் என்மேல்தான்.

3. சரியாக எண்ணினால் அவளுக்கு ஒன்பதரை மாதம்தான். இப்போதுதான் உட்காரப் பழகுகிறாள். நேற்று பிடியில்லாமல் இருபது எண்ணும்வரை உட்கார்ந்தாள். எண்ணியது மருமகள். “ரயிலைப் பிடிக்கப் போற மாதிரி எண்ணுற!” என்றான் மகன். “சரி, பதினஞ்சுன்னு வெச்சுக்கோங்க!” என்றாள் அவள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது எங்கள் மூவருக்கும் தெரியாது. உங்கள் மையத்துக்குத்தான் தெரியும்.

ஆகவே, மூடிய கோப்பைத் திறந்து, அவளுக்கு உரிய பதினோரு வாரப் பயிற்சியைத் தர வேண்டுகிறேன். படிவத்தில் ‘பிறந்திருக்க வேண்டிய நாள்’ என்று இன்னொரு கட்டமும் போடுங்கள். பலூன் கட்டும் வீடுகள் இன்னும் பல இருக்கும்.

வரும் செவ்வாய் காலை பத்து மணிக்கு இருவரும் வந்துவிடுவோம். அவள் உட்கார்ந்து காட்டுவாள். அப்போது தயவுசெய்து யாரும் கைதட்ட வேண்டாம். தானும் தட்டப் போய்க் கவிழ்ந்துவிடுகிறாள்.

நாள்: 12.06.2025
இடம்: வீடு

இப்படிக்கு, மிக்க மகிழ்ச்சியுடன்,
(கையொப்பம்)
212-இன் தாத்தா