ஆண்டிபட்டிக் கணவாயில் ஒரு சுவர்

என் பிரியத்துக்குரிய மாப்ளே காதருக்கு,

சென்ற வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும், உன் மகன்கள் இருவரும், ஜமாத்துப் பெரியவர்களும், ஒரு பத்திர எழுத்தரும், சாட்சி என்ற முறையில் நானும் உன் வீட்டு மாடியில் கூடினோம். நடுச்சுவரில் இருக்கும் ஓட்டையை அடைத்துவிடுவது என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. ஆட்சேபணை உண்டா என்று முறைப்படி கேட்டார்கள். எல்லோருக்கும் டீ வந்தது. நீ போன பிறகு இந்த வீட்டில் ஏகமனதாக நடந்த முதல் காரியம் அதுதான்.

ஓட்டை என்று சொன்னால் உனக்குக் கோபம் வரும். உன் கணக்கில் அது ஆண்டிபட்டிக் கணவாய். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன், பொறுத்துக்கொள்.

போடி–மதுரை மீட்டர்கேஜ் பாதையை அகலப்படுத்துவதாகச் சொல்லி அரசாங்கம் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனபோது, ஊரே மனு எழுதியது. ஏலக்காய் வியாபாரியான நீயும், எதிரே பேப்பர்க்கடை வைத்திருந்த நானும் மனு எழுதவில்லை. பாதையை நாமே போடுவது என்று முடிவெடுத்தோம். உன் குடோனுக்கு மேலே இரண்டு அறைகள். முன்னறையில் போடியும் தேனியும் ஆண்டிபட்டியும். பின்னறையில் உசிலம்பட்டியும் மதுரையும். நிஜப் பாதை கணவாயில் மலையை வெட்டிக்கொண்டு போகிறது என்பதால், நீ உளியை எடுத்து நடுச்சுவரை வெட்டினாய். பொம்மை எஞ்சினைச் சென்னையில் வாங்கினோம். பெட்டிகளை என் கடை அட்டையில் நீயே செய்தாய்.

ஏலக்காய் தரம் பிரிக்கிற சல்லடையில் நீ ஜல்லி சலித்ததை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். அத்தனை சீரான ஜல்லி இந்திய ரயில்வேக்கு வாய்த்ததில்லை. போடிக்குப் பின்னால் குரங்கணி மலையைச் சாக்கில் சுண்ணம் பூசி நிறுத்தினாய். காடு வேண்டுமே என்று பச்சை ஏலக்காய்த் தோலைப் பொடித்து அதன்மேல் தூவினாய். மலை மணந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். மறுநாள் உனக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டான்.

“வெளிச்சம் பட்டா பச்சை வெளுத்துப் போகும் மாமா.”

“போகட்டுமே. மலையை யாருய்யா ஏலம் கேட்கப் போறான்?”

“நாளைக்கு யாரு கண்டா?”

ஜன்னல்களுக்குக் கறுப்புப் பாலிதீன் அடித்தாய். அன்றிலிருந்து குரங்கணியில் நிரந்தர அமாவாசை. விருந்தாளிகளுக்கு விளக்கைப் போட்டுக் காட்டுவாய். அவர்கள் வாயைத் திறப்பதற்குள் அணைத்துவிடுவாய்.

கடைசியில் அரசாங்கம் நம்மை முந்திவிட்டது. இந்த நாட்டில் அப்படியொரு அவமானம் நம் இருவருக்கு மட்டும்தான் நேர்ந்திருக்கும். அகலப்பாதையில் முதல் வண்டி வந்த அன்று ஊரே மாலையோடு ஸ்டேஷனில் நின்றது. நீ என் காதில் சொன்னாய்: “நம்ம வண்டி இன்னும் உசிலம்பட்டியைத் தாண்டலையே மாமா. வெரசா முடிக்கணும்.”

முடிக்க வேண்டிய நேரத்தில் நீ படுத்துவிட்டாய். உன்னை மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, மதுரை வரைக்குமான கடைசித் தண்டவாளத்தை நான் தனியாக உட்கார்ந்து ஒட்டினேன். வார்டில் வந்து சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டாய். “ஒரு தடவை, போடியில கெளம்பி நிக்காம மதுரைக்கு வரணும். வந்துட்டா வந்து சொல்லு.” சொல்கிறேன் என்றேன். வண்டியை ஓட்டிப் பார்க்குமுன் நீ மவுத்தான செய்தி வந்துவிட்டது. அதற்கப்புறம் எந்த ஆஸ்பத்திரியில் போய் யாரிடம் சொல்வது?

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. தேனி சிக்னலை எந்தப் பக்கம் நடுவது என்று ஒரு மழைக்காலம் முழுக்க யோசித்தாயே, கடையின் பெயர் எந்த மகனுக்கு என்று ஒரு சாயங்காலம் யோசித்திருக்கக் கூடாதா? நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வந்தவர்கள் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் அந்தப் பேச்சு தொடங்கிவிட்டது. இப்போது ஏல மையத்தில் உன் மகன்கள் ஆளுக்கொரு மூலையில் உட்காருகிறார்கள். ஒரே காய்க்கு ஒருவரை ஒருவர் மிஞ்சிக் கேட்கிறார்கள். விலை ஏறுகிறது. காய் விற்க வருகிற தோட்டக்காரர்கள் உன்னை மிகுந்த மரியாதையோடு நினைவுகூர்கிறார்கள்.

வீடும் பிரிந்தது. முன்னறை பெரியவன் அப்பாஸுக்கு, பின்னறை சின்னவன் ரியாஸுக்கு. “தாய்மாமன் ஸ்தானத்துல நீங்கதான் சாட்சிக் கையெழுத்துப் போடணும்” என்று இருவரும் தனித்தனியாக வந்து அழைத்தார்கள். வாயால் ஆன உறவுக்கு இவ்வளவு மதிப்பு இருப்பது கையெழுத்து தேவைப்படும்போதுதான் தெரிகிறது. ஓட்டையை அப்படியே விட்டுவிடலாமே, அதையும் பத்திரத்தில் எழுதிவிடலாமே என்று கேட்டுப் பார்த்தேன்.

பத்திர எழுத்தர் கண்ணாடியைக் கழற்றினார். “பாதைக்கு எழுதலாம், கிணத்துக்கு எழுதலாம். பொம்மை ரயிலுக்கு எப்படிண்ணே எழுதுறது?”

கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பதிலாக ஒன்றே ஒன்று கேட்டேன்: கொத்தனார் வருமுன் ஒரு தடவை வண்டியை விட வேண்டும். “அத்தாவுக்காக. தாராளமா மாமா” என்றார்கள் இருவரும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவசரப்பட்டுவிட்டேன்.

எஞ்சினை நீ எண்ணெய் போடுவதற்காக முன்னறையில் வைத்திருந்தாய். பெட்டிகளுக்குப் பின்னறையில் வர்ணம் அடித்துக் காயவைத்திருந்தாய். ஓட்டை வழியாகக் கையை நீட்டினால் தீர்ந்துபோகிற விஷயம்.

“பெட்டிய அவன் கொண்டாந்து கொடுக்கட்டும் மாமா. நான் போயி கேக்க மாட்டேன்” என்றான் அப்பாஸ்.

“அவரு வந்து கேட்டா நாளைக்கே தர்றேன்” என்றான் ரியாஸ். “கேக்காம நானா தூக்கிக் கொடுத்தா, பயந்துட்டேன்னு ஏல மையம் பூராச் சொல்லுவாரு.”

“நான் எடுத்துக் கொடுக்கிறேன்பா. எனக்கென்ன கௌரவம்?”

“நீங்க எடுத்தா அவரு அனுப்பி எடுத்த மாதிரி ஆயிரும் மாமா.”

அப்பாஸிடம் திரும்பி வந்து எஞ்சினைக் கேட்டேன், மதுரையிலிருந்தாவது கிளப்பலாம் என்று. “அத்தா சொன்னது போடியிலயிருந்துல்ல?” என்றான். தகப்பன் சொல்லில் ஓர் எழுத்துகூட மாறக் கூடாது என்பதில் பிள்ளை உறுதியாக இருந்தான். இந்தப் பக்தியைக் கடைப் பெயர் விஷயத்தில் காட்டியிருந்தால் சுவரே தேவைப்பட்டிருக்காது.

மாடிப்படி இறங்கும்போது உன் மனைவி, என் தங்கச்சி, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “வண்டி போச்சாண்ணே?”

“இன்னும் இல்லம்மா.”

“அவுக இருந்திருந்தா ரெண்டு பேரு மண்டையிலயும் நறுக்குன்னு ஒரு கொட்டு வச்சிருப்பாக.”

இருந்திருந்தால் நீ கொட்டியிருப்பாயா மாப்ளே? இல்லை, விளக்கை அணைத்துவிட்டு மலைக்கு இன்னும் கொஞ்சம் பச்சை தூவிக்கொண்டிருப்பாயா? எனக்குத் தெரியவில்லை. உன்னை அவ்வளவு நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன்னிடம் சொல்கிறேன் என்று சொன்ன செய்தியை என்னால் சொல்ல முடியவில்லை. அதற்கு ஈடாக ஒன்று செய்கிறேன். வாரம் ஒரு முறை முன்வாசல் வழியாக அப்பாஸ் வீட்டுக்கும், பின்வாசல் வழியாக ரியாஸ் வீட்டுக்கும் போவேன். இரண்டு இடத்திலும் தூசி தட்டி, தண்டவாளத்தைத் துடைத்து வைப்பேன். யார் வீட்டில் முதலில் டீ குடித்தேன் என்று எவரிடமும் சொல்ல மாட்டேன். நான் இருக்கும்வரை இது நடக்கும்.

கொத்தனார் நேற்றுக் காலை வந்து, மத்தியானத்துக்குள் இரண்டு பக்கமும் பூசி முடித்துவிட்டார். போடியிலிருந்து எஞ்சின் இப்போது ஆண்டிபட்டி வரை போகும்.

வாயால் ஆனாலும் உன் மாமன்தான்,
தங்கவேலு