மூன்றாம் ஓலை

சாந்தோம், மயிலாப்பூர்
27–1–1946

அன்புள்ள அத்தானுக்கு,

சேசு மரி சூசை காவலில் அம்மாவும் நானும் சுகம். உங்கள் உடம்பைப் பற்றி நீங்களாக எழுத மாட்டீர்கள். கேட்டாலும் "பரவாயில்லை" என்று ஒரே வார்த்தைதான். அணைக்கட்டு சர்வேக்கு நாள் முழுக்கப் படம் வரைகிற கை, கடிதம் என்றால் மட்டும் ஏன் இப்படிச் சுணங்குகிறதோ!

நல்ல செய்தி கேளுங்கள். அக்காள் புருஷனைத் தங்கை கட்டிக்கொள்ள மேற்றிராணியாரின் அனுமதி வந்துவிட்டது. பிப்ரவரி 10, 17, 24 மூன்று ஞாயிறும் பூசையில் நம் இருவர் பெயரையும் ஓலை வாசிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் எழுந்து சொல்லாவிட்டால் 27ந் தேதி புதன்கிழமை காலையில் கல்யாணம். அதற்கடுத்த புதனே விபூதித் திருநாள். தவக்காலம் பிறந்துவிட்டால் உயிர்த்த ஞாயிறு பாஸ்கா வரைக்கும் தாலி ஏறாது, தெரியுமல்லவா?

ஒரே ஒரு காகிதம் பாக்கி. ஆலிஸ் அக்கா இறந்ததற்குச் சாட்சி. ஜப்பான்காரனுக்குப் பயந்து பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களிடம் மரணச் சான்று ஏது என்று பங்குச் சாமியாருக்கும் தெரியும். இன்ன தேதியில், இன்ன இடத்தில் என் மனைவி இறந்தாள், நானே அடக்கம் செய்தேன் என்று நீங்கள் கைப்படச் சத்தியம் வைத்து எழுதினால் போதுமாம். நான்கு வருஷமாக எங்களிடம் சொன்னதைத்தானே எழுதப் போகிறீர்கள். மூன்றாம் ஓலைக்கு முன்னால் வந்து சேர வேண்டும்.

இன்னொன்று. என் நாலாம் பாரத்துப் பெண்களுக்குச் சரித்திர வகுப்பில் விஜயநகரம் நடத்திக்கொண்டிருக்கிறேன். ஹொஸ்பேட்டையில் ஆறு மாதமாக இருந்துகொண்டு, கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஹம்பியை இன்னும் பார்க்கவில்லையாமே, என்ன மனுஷர் நீங்கள்! ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து எழுதுங்கள். இடிந்த கோயில்களில் கரடி, சிறுத்தை எல்லாம் உண்டாம். புத்தகத்தில் இருப்பதைப் பார்த்து எழுதினால் நான் கண்டுபிடித்துவிடுவேன், ஜாக்கிரதை.

உங்கள் வருகையை எண்ணிக்கொண்டிருக்கும்,
ஜோன்


சர்வே முகாம், ஹொஸ்பேட்டை
4–2–1946

அன்புள்ள ஜோனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடம்பு பரவாயில்லை.

அனுமதி வந்ததைப் படித்தேன். சந்தோஷப்பட வேண்டிய விஷயம் என்று தெரிகிறது. பல் பிடுங்க மருந்து வைத்த ஈறு மாதிரி இருக்கிறது எனக்கு. தொட்டால் தொட்டது தெரிகிறது, அவ்வளவுதான். தப்பாக நினைக்காதே. பர்மாவிலிருந்து வந்தது முதல் இப்படித்தான். உன்னிடம் குறை ஒன்றுமில்லை.

காகிதம் எழுத உட்கார்ந்தேன். தேதி போட்டேன். அதற்குள் விளக்கில் எண்ணெய் தீர்ந்துவிட்டது. அடுத்த தபாலில் அனுப்புகிறேன்.

ஹம்பிக்கு 17ந் தேதி போவதாக உத்தேசம். கலீமுல்லா கூட வருகிறான். சர்வே சங்கிலி பிடிக்கிறவன், ராயப்பேட்டைக்காரன். முகாமில் நம் ஊர்ப் பேச்சுப் பேசுகிறவன் அவன் ஒருவன்தான். "இன்னா சார், கல்லைப் பாக்கறதுக்கு லீவு நாள்ல மெனக்கெட்டுப் போணுமா? இங்கயே வேண்டிய மட்டும் கெடக்குதே" என்றான். அதுவும் சரிதான் என்று எனக்குத் தோன்றியது. நீ கேட்டதற்காகப் போகிறேன்.

அம்மாவுக்கு என் ஸ்தோத்திரம் சொல்.

ஸ்தனிஸ்லாஸ்


சாந்தோம்
11–2–1946

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்று முதல் ஓலை வாசித்தார்கள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். முப்பத்தோரு வயதில் எனக்கு இது வேண்டியிருக்கிறதா என்று கோயிலில் பாதிப்பேர் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், இந்த நான்கு வருஷத்தில் நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

ஆனால் காகிதம் எங்கே? விளக்கில் எண்ணெய் தீர்ந்தால் பகலில் எழுதுவதுதானே! இன்னும் இரண்டு ஞாயிறுதான் இருக்கிறது.

போன வாரம் இங்கே ஒரு சங்கதி. ரங்கூனிலிருந்து வந்த கப்பலில் பட்டினப்பாக்கத்து சீதா வந்து இறங்கியிருக்கிறாள். மீன்காரி மகள். 42ல் காட்டு வழியில் செத்துவிட்டாள் என்று கருமாதி எல்லாம் முடித்த பெண். யாரோ பர்மாக்காரர்கள் வீட்டில் வைத்துக் காப்பாற்றினார்களாம். குப்பமே திரண்டு போய் அழுதது. அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. ராத்திரி படுக்கப் போகும்போது, "நம்ம வூட்டுக்கு அந்தக் குடுப்பனை இல்லடி. மாப்பிள்ளையே கையால மண்ணு போட்டுட்டு வந்தாரு" என்றாள். அந்த மட்டும் அவளுக்கு ஒரு சமாதானம். மே மாதம் 9 என்று அப்பாவின் கல்லறைக் கல்லில் அக்கா பெயரையும் வெட்டிவைத்திருக்கிறோமே, மறுநாள் அதைப் போய்த் துடைத்துவிட்டு வந்தாள். மாதா மாதம் 9ந் தேதி ஆத்தும பூசை வைப்பதும் நிற்கவில்லை.

நீங்கள் உயிரோடு வந்ததற்காக நான் தினம் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுகிறேன். ஹம்பியைப் பார்த்து எழுதுங்கள். காகிதத்தை அதற்கு முன்னால் எழுதுங்கள்.

உங்கள்,
ஜோன்


சர்வே முகாம், ஹொஸ்பேட்டை
18–2–1946

ஜோனுக்கு,

நேற்று ஹம்பிக்குப் போனோம். கமலாபுரம் வரை மாட்டுவண்டி, அப்புறம் நடை. யானைகள் கட்டின கொட்டாரம் அப்படியே இருக்கிறது, யானைதான் இல்லை. கடைத்தெருவில் கல் தூண்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கின்றன, நடுவில் யாரோ கேழ்வரகு காயப்போட்டிருக்கிறார்கள். கல் தேரைப் பார்த்தேன். உன் பெண்களுக்குச் சொல், சக்கரங்களும் கல்தான். நன்றாக இருக்கிறது என்று தெரிந்தது. ஒன்றும் தோன்றவில்லை.

திரும்பும்போது சாயங்காலம் ஐந்து மணி. பாறை இறக்கத்தில் கலீமுல்லா வழுக்கி விழுந்தான். கணுக்கால் பிசகிவிட்டது. ஊன்ற முடியவில்லை. எதிர்க் குன்றில் கரடி ஒன்று குட்டியைச் சுமந்துகொண்டு இறங்கிக்கொண்டிருந்தது. அவனைத் தூக்கிப் பார்த்தேன், பத்தடிகூட முடியவில்லை. ஒரு மண்டபத்துக்குள் சாய்த்து உட்காரவைத்து, தண்ணீர்க் குப்பியைப் பக்கத்தில் வைத்தேன். "நீ போ சார். வண்டியாண்ட போய் ஆளுங்களை இட்டுகினு வா. நான் எங்க போய்டப் போறேன்?" என்று சிரித்தான்.

போனேன். வண்டிக்காரனையும் இரண்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு பந்தத்தோடு வர ஒரு மணி நேரமாயிற்று. கலீமுல்லா பீடி பிடித்துக்கொண்டிருந்தான். "வந்துட்டியா? கரடி வாசல் வரிக்கும் வந்து பாத்துட்டுப் போச்சு சார்" என்றான். நான் வருவேன் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இருந்திருக்கவில்லை. நான் மண்டபத்துப் படியில் உட்கார்ந்துவிட்டேன். ஆட்கள் எனக்கும் அடிபட்டுவிட்டது என்று நினைத்தார்கள்.

ஜோன், அந்தக் காகிதத்தை என்னால் எழுத முடியாது. நான் ஆலிஸைப் புதைக்கவில்லை.

பர்மா எல்லையில் தமு ஊரைத் தாண்டி இரண்டாம் நாள். அவளுக்குக் கால் வீங்கி, காய்ச்சல். வழியோரம் ஒரு மூங்கில் கொட்டகை. அங்கே படுக்கவைத்து, தண்ணீர் டின்னைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுத்த முகாமில் டோலிக்கு ஆள் பார்த்துக்கொண்டு வருகிறேன் என்று சொன்னேன். "சுருக்க வந்துடுங்க" என்றாள். முகாமில் சோறு போட்டார்கள். ஏழு நாளுக்குப் பிறகு சோறு. தின்றுவிட்டு அங்கேயே தூங்கிப்போனேன். விடிந்தபோது இம்பாலுக்கு லாரி நின்றது. யாரும் என்னைத் தள்ளி ஏற்றவில்லை. நானே ஏறினேன். மே 9. அந்தத் தேதி பொய்யில்லை.

இம்பாலில் பெயர் எழுதுகிறவன் மனைவி எங்கே என்று கேட்டான். இறந்துவிட்டாள் என்று வாய் சொல்லிவிட்டது. அதற்கப்புறம் ஆளாளுக்கு எங்கே அடக்கம் செய்தாய் என்று கேட்டார்கள். கேட்கக் கேட்க ஒரு குழியும் உண்டாகிவிட்டது. உன் அம்மா கேட்டபோது சிலுவை நட்டதாகக்கூடச் சொன்னேன்.

செத்துத்தான் போயிருப்பாள். மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. ஆனால் நான் பார்க்கவில்லை.

இனி நீ சொல்லுகிறபடி. வரவேண்டாம் என்றால் வரவில்லை. பொய்யாகவே அந்தக் காகிதத்தை எழுதித் தா என்று நீ சொன்னால் அதையும் எழுதித் தருகிறேன். எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

ஸ்தனிஸ்லாஸ்


சாந்தோம்
25–2–1946

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் புதன்கிழமை பள்ளிக்கூடத்து விலாசத்துக்கு வந்தது. படித்துவிட்டு நாலாம் பாரத்துக்குப் போனேன். கல் தேரைப் பற்றிச் சொன்னேன், சக்கரமும் கல்தான் என்று சொன்னேன். கரடி குட்டியைச் சுமந்துகொண்டு போனதைச் சொன்னபோது பெண்கள் கையைத் தட்டினார்கள். மணி அடித்தது. வீட்டுக்கு வந்து அரிசி களைந்து உலை வைத்தேன்.

மறைப்பானேன், இரண்டு நாள் யோசித்தேன். பொய்க் காகிதத்தை எழுதி அனுப்புங்கள் என்று எழுதப் பேனாவைக்கூட எடுத்தேன். உங்கள் எழுத்து, உங்கள் பாவம், நான் படித்ததே இல்லை என்று இருந்துவிடலாம். அவ்வளவு ஆசை எனக்கு. பேனாவை மூடிவைத்துவிட்டேன். உங்கள்மேல் கோபம் வரும் என்று காத்திருக்கிறேன், அது இன்னும் வரவில்லை. உங்கள் ஈறு மருந்து எனக்கும் வைத்தாகிவிட்டது போலும்.

சனிக்கிழமை சாயங்காலம் சாமியாரிடம் போனேன். மூன்றாம் ஓலையை வாசிக்க வேண்டாம் என்றேன். ஏனம்மா என்றார். "தடை தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று இரண்டு ஞாயிறு வாசித்தீர்களே சாமி, எனக்குத் தெரியும்" என்றேன். சொன்னேன். நேற்று மற்றவர்கள் ஓலையை மட்டும் வாசித்தார்கள். கோயிலே திரும்பி எங்களைப் பார்த்தது. அம்மா என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஒரு வரி விடவில்லை. அழுவாள், உங்களைச் சபிப்பாள் என்று நினைத்தேன். இரண்டுமில்லை. "மார்ச் ஒம்பதாந் தேதி பூசைக்குச் சொல்லி வெச்சிருக்கேனே, அதைச் செத்தவளுக்குன்னு வெக்கறதா, இருக்கறவளுக்குன்னு வெக்கறதா?" என்று கேட்டாள்.

புதன்கிழமை நீங்கள் வரவேண்டாம். இனி எனக்கு எழுதவும் வேண்டாம். ரங்கூனுக்குத் திரும்பப் போகிறவர்கள் இங்கே பெயர் கொடுக்கிறார்கள். நீங்களும் கொடுங்கள். போய் அந்த வழியில் உள்ள ஊர்களில் கேளுங்கள். என்ன தெரிந்தாலும், ஒன்றுமே தெரியாவிட்டாலும், அம்மா பெயருக்கு எழுதுங்கள்.

நேற்று ராத்திரி விளக்கை அணைக்கப் போனேன். "டீ ஜோன், அவர் வரல்லேன்னு தெரிஞ்சப்புறம் அவ யாரைக் கூப்ட்டிருப்பா?" என்று அம்மா கேட்டாள்.

ஜோன்