எனக்கு இல்லாத அண்ணன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் கத்துவேன், விஷயம் நடுவில் நின்றுவிடும், அதனால்தான் எழுதுகிறேன். போன வாரம் நீ கட்டிக்கொள்ளப் போகிற பையனின் அப்பா கூப்பிட்டார். நான் ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டின் கூரைமேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி, கல்யாணப் பேச்சை இத்தோட நிறுத்திக்கலாம், மூளை சரியில்லாத உங்க அண்ணனை மாடியில பூட்டி வச்சுட்டு எங்ககிட்ட மறைச்சுட்டீங்களே என்றார். என் கையிலிருந்த ஸ்பேனர் கீழே போய்விட்டது. நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை, நம் வீட்டுக்கு மாடியே கிடையாது. அதைச் சொன்னால், உங்க சம்சாரமே வேலை செய்யற இடத்துல சொல்லியிருக்காங்களே என்கிறார்.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன். கொஞ்சமாவது பதறுவாள் என்று பார்த்தால், அது நீ விட்டுப்போன ரஷ்யக் கதைப் புத்தகத்தில் வருகிற அண்ணன் என்கிறாள். நீ வெளியூர் போனதிலிருந்து மாத்திரை பேக்கிங் செய்கிற இடத்தில் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கதைகளைத்தான் சொல்கிறாளாம். அதை ஏன் என் தலையில் கட்டினாய் என்றேன். ரஷ்யாவுல ஒரு குமாஸ்தா இருந்தான்னு ஆரம்பிச்சா எவளும் டிபன் பாக்ஸை விட்டு நிமிர மாட்டா, என் வீட்டுக்காரருக்கு ஒரு அண்ணன்னதும் எல்லார் கையும் நின்னுடுச்சு என்றாள். குதிரை வண்டியைப் பஸ்ஸாக்கினாளாம், பனியை மழையாக்கினாளாம், மீதி எதையும் தொடவில்லையாம். தண்ணீரில் விழுந்த அத்தை, மாமனாரோடு சாகும்வரை பேசாத சித்தப்பா, எல்லோரும் அங்கே எனக்குச் சொந்தம்.

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நேரே பையன் வீட்டுக்குப் போனேன். பையனின் அப்பா இரண்டு வரி பார்த்துவிட்டு, பேரெல்லாம் வாய்ல நுழையலையே தம்பி என்று சிரித்தார். பையனின் அம்மா வாங்கி நின்றபடியே படித்தார். விருந்தாளிகள் வரும்போது அண்ணனை மாடிக்கு ஏற்றிவிட்டு, சத்தம் வெளியே கேட்காமலிருக்கக் கீழே பியானோ வாசிக்கச் சொல்கிற இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டார். நாங்க டிவி சத்தத்தைக் கூட்டுவோம் என்றார். நீ பேசாம இரு என்றார் அவர் கணவர். அந்த அம்மா பேசாமல் இருக்கவில்லை, பின்பக்க அறையைத் திறந்துவிட்டார். பாப்பா, உள்ளே இருந்தது பையனின் சொந்த அண்ணன். நாங்கள் அங்கே காபி குடித்த நாட்களில் டிவி அலறும், வீட்டில் யாருக்கோ காது மந்தம் என்று நினைத்திருந்தேன். சவரம் செய்து, பொத்தான் எல்லாம் போட்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்து வாங்க என்றான். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கதவு திறந்ததும் பாய்ந்து வெளியே வருவார்கள், எத்தனையோ பேரை எடுத்திருக்கிறேன். இவன் எழுந்திருக்கவே இல்லை. எனக்கு இன்னும் சரியாகத் தூக்கம் வரவில்லை. எந்தக் காலத்திலோ செத்துப்போன ஒரு ரஷ்யாக்காரர் எழுதியது, இரண்டு பாஷை தாண்டி உன் அம்மா வாய்க்கு வந்து சேர்ந்திருக்கிறது, இத்தனை வயர் மாறியும் வோல்டேஜ் குறையவில்லை. கதை எல்லாம் வெட்டி வேலை என்று உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

பையனின் அப்பா இப்போது கல்யாணத்துக்குச் சரி என்கிறார். பையனுக்கு அப்படி ஒரு அண்ணன் இருப்பதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. உனக்கு இது தெரியுமா, அதுதான் எனக்குத் தெரிய வேண்டும். பையன் உன்னிடமும் மறைத்தானென்றால் நேரில் உட்காரவைத்துக் கேள், பதிலைக் கேட்டு நீயே முடிவு செய், நான் குறுக்கே வரமாட்டேன். அவன் சொல்லியிருந்து நீ எங்களிடம் மறைத்திருந்தால் அதையும் உடனே எழுது, திட்டமாட்டேன் என்று சொல்ல முடியாது. கல்யாணம் நடந்தால் அந்த அண்ணன் முதல் வரிசையில் எங்களோடு உட்கார வேண்டும். பையனின் அப்பாவிடம் இதைச் சொல்லிவிட்டு வந்தேன்.

எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் நீ தலை நிமிர்ந்து நன்றாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம். ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் வயரில் போடாதே.

உன் அப்பா